திரவ உப்புல கரைப்பான் ஊத்தினா உள்ள என்ன நடக்குது? அயனித் திரவக் கலவைகள் பத்தி ஒரு எளிய விளக்கம்

அயனித் திரவம்னு ஒண்ணு இருக்கு, லேப்ல ஐயானிக் லிக்விட்னு சொல்வாங்க. பாட்டிலைச் சாய்ச்சா கெட்டி எண்ணெய் மாதிரி மெதுவா நகரும். அதுல அசிட்டோநைட்ரைல்னு ஒரு கரிமக் கரைப்பானைக் கொஞ்சம் சேர்த்துக் கலக்குங்க, அதே திரவம் சலசலன்னு ஓட ஆரம்பிச்சிடும். அதைவிட ஆச்சரியம், மின்சாரம் கடத்துற திறனும் கூடிடும். யோசிச்சுப் பாருங்க, இங்க மின்சாரத்தைச் சுமக்கிறது அயனிகள்தான், நாம ஊத்தின அசிட்டோநைட்ரைல்ல அயனியே கிடையாது, அப்போ ஒரு மில்லிக்கு இத்தனை அயனின்னு இருந்த கணக்கை நாம குறைச்சிருக்கோம், ஆனா கடத்துறது மட்டும் ஏறுது. எனக்கு இந்தத் துறை மேல பிரியம் வந்ததே இந்த ஒரு கேள்வியாலதான். இதுக்குப் பதில் தெரியணும்னா உள்ள யாரு யாரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு பார்க்கணும், கட்டுரை முழுக்க அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல உப்பு எப்படித் திரவமா இருக்க முடியும்னு பார்த்துடுவோம். சமையல் உப்புல சோடியம், குளோரைடு ரெண்டுமே சின்ன உருண்டை, மின்சுமை அந்தச் சின்ன இடத்துக்குள்ளயே அடைஞ்சு கிடக்கு, ரெண்டும் ரொம்ப நெருங்கி வரமுடியும், செங்கல் மாதிரி வரிசையா அடுக்கிக்கவும் முடியும். அந்த அடுக்கைக் கலைச்சு உருக்கணும்னா 801 டிகிரி செல்சியஸ் வேணும். இப்ப சோடியத்தை எடுத்துட்டு அந்த இடத்துல கோணல்மாணலா ஒரு பெரிய நேரயனியை வைங்க, குளோரைடையும் எடுத்துட்டு சுமை பரவலா இருக்கிற ஒரு பெரிய எதிரயனியை வைங்க. நெருங்கவும் முடியாது, ஒழுங்கா அடுக்கவும் முடியாது, அதனால அறை வெப்பத்துலயே திரவமா நின்னுடும். 100 டிகிரிக்குக் கீழ உருகுற உப்பை அயனித் திரவம்னு சொல்றது வழக்கம், அந்த 100ங்கிற எண்ணுல பெரிய தத்துவம் எதுவும் இல்ல, வசதிக்கு வச்சுக்கிட்ட கோடு. பால் வால்டன் 1914ல எத்தில்அமோனியம் நைட்ரேட்டைப் பத்தி எழுதினார், அதோட உருகுநிலை 12 டிகிரி. அப்புறம் ரொம்ப காலம் இந்தப் பக்கம் பெருசா யாரும் வரல, 1992ல வில்க்ஸும் சவரோட்கோவும் காத்துலயும் ஈரத்துலயும் கெட்டுப்போகாத இமிடசோலியம் உப்புகளைச் செஞ்சு காட்டின பிறகுதான் கூட்டம் கூடுச்சு.

இந்த இமிடசோலியத்தைக் கொஞ்சம் நல்லா மனசுல பதிச்சுக்கங்க, மொத்தக் கதையிலயும் இதுதான் நாயகன். அஞ்சு அணு சேர்ந்த ஒரு தட்டையான வளையம், அதுல ரெண்டு நைட்ரஜன். ஒரு நைட்ரஜன்ல குட்டியா ஒரு மெத்தில், இன்னொண்ணுல நாலு கார்பன் நீளத்துக்கு ஒரு பியூட்டைல் வால். முழுப் பேரு 1-பியூட்டைல்-3-மெத்தில்இமிடசோலியம், சுருக்கமா பிமிம்னு சொல்வோம். நேர்மின்சுமை வளையம் முழுக்கப் பரவி இருக்கும், வால் பக்கம் சுமை ஏறக்குறைய கிடையாது, அது பெட்ரோல் மாதிரி எண்ணெய்க் குணம். ரெண்டு நைட்ரஜனுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஒரு கார்பன் இருக்கு பாருங்க, அதுக்கு சி-2ன்னு பேரு, அதுல இருக்கிற ஹைட்ரஜன் ரொம்ப முக்கியம். ரெண்டு பக்கமும் நைட்ரஜன் எலக்ட்ரானை இழுக்கிறதால அந்த ஹைட்ரஜன் கொஞ்சம் நேர்மின் தன்மையோட நிக்கும், எலக்ட்ரான் ஜோடி வச்சிருக்கிற யாரு பக்கத்துல வந்தாலும் அவங்களோட ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கும். சாதாரணமா கார்பன்ல ஒட்டின ஹைட்ரஜன் அப்படியெல்லாம் பண்ணாது, இது பண்ணும்.

கரைப்பான் எதுவும் ஊத்தாத தூய அயனித் திரவத்துக்குள்ள என்ன காட்சி? ஒவ்வொரு நேரயனியைச் சுத்தியும் பல எதிரயனிகள், ஒவ்வொரு எதிரயனியைச் சுத்தியும் பல நேரயனிகள். இவன் ஜோடி இவள்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, மொத்தமும் ஒரே வலை. வலையை இழுத்துப் பிடிக்கிற பெரிய விசை எதிரெதிர் மின்சுமை ஈர்ப்பு, அதாவது கூலும் விசை. அதுக்கு மேல சி-2 ஹைட்ரஜனுக்கும் எதிரயனிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, வளையத்துக்கு மேலயும் கீழயும் பை எலக்ட்ரான் மேகம் வழியா கொஞ்சம் ஒட்டுதல், வாலும் வாலும் உரசிக்கிறப்ப வர்ற வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு. வால் நீளமாக நீளமாக இன்னொரு வேடிக்கையும் நடக்கும், எண்ணெய்க் குணமுள்ள வால்கள் எல்லாம் தனியா ஒரு மூலைக்கு ஒதுங்கி சின்னச் சின்னத் திட்டா சேர்ந்துக்கும், மின்சுமை உள்ள பகுதி தொடர்ச்சியான வலையா அதைச் சுத்தி ஓடும். 2006ல கனோங்கியா லோப்பஸும் பாதுவாவும் கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல இதைப் படமா போட்டுக் காட்டினாங்க, பிறகு எக்ஸ்ரே சிதறல் அளவீடுகளும் அதுக்கு ஒத்து வந்துச்சு. ஆக வெளியிலிருந்து பார்த்தா ஒரே திரவம், உள்ள நானோமீட்டர் அளவுல ரெண்டு வேற வேற ஊரு, ஒண்ணு மின்சுமை ஊரு, ஒண்ணு எண்ணெய் ஊரு. இதை ஞாபகம் வச்சுக்கிட்டா கரைப்பான் உள்ள வந்ததும் எங்க போய்த் தங்கும்னு நீங்களே ஓரளவு ஊகிச்சுடலாம்.

ஹெக்சேனை எடுங்க. அதுக்கு மின்முனை கிடையாது, ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுக்கவும் ஒண்ணுமில்ல வாங்கவும் ஒண்ணுமில்ல. அது தங்க முடிஞ்ச இடம் எண்ணெய்த் திட்டு மட்டும்தான், பிமிம் மாதிரி குட்டி வால் உள்ளதுல அந்த இடமே ரொம்ப கம்மி, அதனால ஹெக்சேன் கரையாம தனி அடுக்கா மேல மிதக்கும். வாலை நீளமாக்கினா கரைதிறன் கூடும். இது சுலபம்.

மெத்தனால் வேற ரகம். அதோட ஓ-ஹெச் ஹைட்ரஜன் நேரா எதிரயனியைப் போய்ப் பிடிக்கும், அதே ஆக்சிஜன் பக்கம் சி-2 ஹைட்ரஜனையும் பிடிக்க முடியும், ரெண்டு பக்கமும் கை நீட்டுற ஆளு. டைமெத்தில் சல்ஃபாக்சைடு, டிஎம்எஸ்ஓன்னு சொல்வோம், அதுக்கு எஸ்-ஓ ஆக்சிஜன்ல எலக்ட்ரான் தாராளமா இருக்கு, அதனால நேரயனியோட சி-2 ஹைட்ரஜனை நல்லா பிடிச்சுக்கும், ஆனா எதிரயனிக்குக் கொடுக்க நல்ல ஹைட்ரஜன் அதுகிட்ட இல்ல. அசிட்டோனும் கிட்டத்தட்ட இந்த வழிதான், கொஞ்சம் பலம் குறைவு. அசிட்டோநைட்ரைல் ஹைட்ரஜன் பிணைப்புல ரொம்ப பலசாலி இல்ல, ஆனா இருமுனைத் திருப்புதிறன் அதிகம், சின்ன மூலக்கூறு வேற, சந்துபொந்துல நுழைஞ்சுடும்.

பென்சீன்தான் எனக்குப் பிடிச்ச ஆளு. அதோட மின்காப்பு மாறிலி, அதாவது மின்சுமைகளுக்கு நடுவுல இருக்கிற ஈர்ப்பை ஒரு கரைப்பான் எவ்வளவு மட்டுப்படுத்தும்னு சொல்ற எண், வெறும் 2.3, ஹெக்சேனோடது 1.9, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அப்போ பென்சீனும் ஹெக்சேன் மாதிரி கரையாமதானே போகணும்? ஆனா பென்சீன் நிறைய கரையும், பல இமிடசோலியம் உப்புகள்ல ஒரு அயனி ஜோடிக்கு ஒண்ணுக்கு மேல பென்சீன் மூலக்கூறு உள்ள போயிடும். காரணம் என்னன்னா பென்சீன் வளையத்துக்கு மேலயும் கீழயும் எலக்ட்ரான் மேகம் இருக்கு, விளிம்புல ஹைட்ரஜன்கள் கொஞ்சம் நேர்மின் தன்மையோட நிக்குது, அதனால தட்டைப் பக்கத்தை நேரயனி பக்கம் காட்டும், விளிம்பை எதிரயனி பக்கம் காட்டும். ரெண்டு அயனிக்கும் நடுவுல சாண்ட்விச் மாதிரி உட்கார்ந்துக்கும். இதுக்கு லிக்விட் க்ளாத்ரேட்டுன்னு ஒரு பேரு கூட உண்டு, திரவத்துக்குள்ள கூடு கட்டின மாதிரி. பென்சீன், டொலுவீன் மாதிரி அரோமேட்டிக் சமாச்சாரங்களை ஹெக்சேன், ஹெப்டேன் கூட்டத்துலிருந்து பிரிச்சு எடுக்க அயனித் திரவத்தைப் பயன்படுத்தலாம்னு இவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறதுக்கு அடிப்படை இந்தச் சாண்ட்விச்தான். மின்காப்பு மாறிலி ஒண்ணை மட்டும் வச்சுக் கரையுமா கரையாதான்னு சொல்லக் கூடாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

இங்க ஒரு கணக்கு சொல்லியே ஆகணும், புதுசா வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழற இடம் இது. பிமிம் நேரயனியோட டெட்ராஃப்ளூரோபோரேட்ங்கிற எதிரயனி சேர்ந்த உப்பை எடுத்துக்குவோம், அந்த பிமிம் டெட்ராஃப்ளூரோபோரேட்டோட மூலக்கூறு எடை 226, அசிட்டோநைட்ரைலோடது 41. 100 கிராம் கலவையில 90 கிராம் அயனித் திரவம், 10 கிராம் அசிட்டோநைட்ரைல்னு வைங்க. கேட்டா "சும்மா 10 சதவீதம்தான் சேர்த்தேன்"னு சொல்வோம். ஆனா மோல்ங்கிறது மூலக்கூறுகளை எண்ணுற அலகு, 90ஐ 226ஆல வகுத்தா சுமார் 0.40 மோல், 10ஐ 41ஆல வகுத்தா சுமார் 0.24 மோல், அப்போ அசிட்டோநைட்ரைலோட மோல் பின்னம், அதாவது மொத்த எண்ணிக்கையில அதோட பங்கு, 0.38. அதாவது அஞ்சு அயனி ஜோடிக்கு மூணு அசிட்டோநைட்ரைல் உள்ள வந்தாச்சு! மூலக்கூறுகள் எடை பார்த்துப் பழகுறதில்ல, தலை எண்ணிப் பழகும். அதனால அடுத்த தடவை ஒரு கிராஃப் பார்க்கிறப்ப கீழ் அச்சுல எடைச் சதவீதமா மோல் பின்னமான்னு முதல்ல பாருங்க, ஒரே டேட்டா ரெண்டு விதத்துலயும் வேற வேற கதை சொல்ற மாதிரி தெரியும்.

இப்ப சொட்டுச் சொட்டா அசிட்டோநைட்ரைலை விட்டுக்கிட்டே போவோம். முதல் கொஞ்சத்துல அயனி வலை அப்படியே இருக்கும், கரைப்பான் மூலக்கூறுகள் வலைக் கண்ணுக்குள்ள விருந்தாளி மாதிரி உட்கார்ந்துக்கும். இன்னும் விட்டா வலை அங்கங்க தளரும், அயனிகள் நகர இடம் கிடைக்கும். அதுக்கும் மேல போனா வலை அறுந்து தனித்தனிக் கொத்தா ஆகும், பிறகு கொத்து உடைஞ்சு ஜோடிகளா, கடைசியில ரொம்ப நீர்த்த நிலையில தனித்தனி அயனிகளா, ஒவ்வொண்ணைச் சுத்தியும் கரைப்பான் உறையோட. இதுக்கெல்லாம் நடுவுல கோடு போட்ட மாதிரி எல்லை கிடையாது, ஒண்ணுலிருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கிட்டே போகும். கடைசி நிலை வரைக்கும் போகுமாங்கிறதும் கரைப்பானைப் பொறுத்தது. அசிட்டோநைட்ரைலோட மின்காப்பு மாறிலி சுமார் 36, டிஎம்எஸ்ஓவுக்குச் சுமார் 47, இவங்க ரெண்டு அயனிக்கும் நடுவுல நின்னு ஈர்ப்பை நல்லா மட்டுப்படுத்துவாங்க, அதனால அயனிகள் பிரியும். டைகுளோரோமீத்தேனுக்கு அது 9 தான், அதுல எவ்வளவு ஊத்தினாலும் அயனிகள் ஜோடி ஜோடியா, கொத்துக் கொத்தாத்தான் திரியும். நிறைய ஊத்தினா எல்லாம் பிரிஞ்சுடும்னு தண்ணியில உப்பு கரையறதை வச்சு நாம பழகியிருக்கோம், இங்க அந்தப் பழக்கம் காலை வாரி விட்டுடும்.

சரி, ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வருவோம். பிமிம் டெட்ராஃப்ளூரோபோரேட்டோட பாகுத்தன்மை 25 டிகிரியில சுமார் 100 மில்லிபாஸ்கல் செகண்ட், தண்ணியோடது 1க்கும் கொஞ்சம் கம்மி, அசிட்டோநைட்ரைலோடது சுமார் 0.34. தூய அயனித் திரவத்துல அயனிகள் ஏராளம், ஆனா எல்லாரும் எல்லாரையும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதால யாராலயும் நகர முடியல, ஆளு நிறைய இருந்தும் வாசல்ல நெரிசல். கரைப்பான் சேர்ந்ததும் பாகுத்தன்மை நேர்கோட்டுல இறங்காது, ஆரம்பத்துலயே தடாலடியா இறங்கும். செடன், ஸ்டார்க், டோரஸ் மூணு பேரும் 2000ல இதை அளந்து, கரைப்பானோட மோல் பின்னத்துக்கு ஏத்த மாதிரி பாகுத்தன்மை அடுக்குக்குறி வேகத்துல குறையுதுன்னு காட்டினாங்க. அயனி எண்ணிக்கை கொஞ்சம் குறையுது, ஒவ்வொரு அயனியும் ஓடுற வேகமோ பல மடங்கு ஏறுது, ரெண்டையும் பெருக்கினா லாபம், அதான் கடத்துதிறன் கூடுது. விட்டுக்கிட்டே போனா ஒரு உச்சி வரும், அந்த உச்சி பெரும்பாலும் கரைப்பான் மூலக்கூறுகளே அதிகமா இருக்கிற பக்கத்துல இருக்கும், அதைத் தாண்டினா ஓட இடம் இருக்கு ஓடத்தான் ஆளில்ல, கடத்துதிறன் இறங்கிடும். மின்சாரத்தைச் சேமிக்கிற சூப்பர்கெபாசிட்டர் பண்றவங்க அயனித் திரவத்தோட அசிட்டோநைட்ரைலையோ புரோப்பிலீன் கார்பனேட்டையோ கலந்து பார்க்கிறது இந்த உச்சிக்காகத்தான்.

கடத்துதிறனையும் பாகுத்தன்மையையும் சேர்த்துப் பார்க்க வால்டன் விதின்னு ஒண்ணு இருக்கு, மேல சொன்ன அதே வால்டன்தான், 1906லயே சொல்லிட்டார். மோலார் கடத்துதிறனையும் (ஒரு மோல் உப்புக்கு எவ்வளவு கடத்துதுங்கிற கணக்கு) பாகுத்தன்மையையும் பெருக்கினா ஏறக்குறைய மாறாம இருக்கணும்னு அந்த விதி. பாகுத்தன்மை குறைஞ்ச அளவுக்குக் கடத்துதிறன் ஏறலைன்னா, ஓடுறவங்கள்ல சிலர் நேரும் எதிருமா கைகோத்துக்கிட்டு ஜோடியா ஓடுறாங்கன்னு சந்தேகப்படலாம், ஜோடியா போனா மொத்தச் சுமை பூஜ்யம், நகர்ந்தாலும் மின்சாரம் கடத்தாது. ரெண்டே ரெண்டு எளிய அளவீட்டை வச்சுக்கிட்டு உள்ள ஜோடி இருக்கான்னு மோப்பம் பிடிக்கலாம்னா அது எவ்வளவு பெரிய விஷயம்!

அடுத்து கனஅளவு. 50 மில்லி இதையும் 50 மில்லி அதையும் கலந்தா 100 மில்லி வராது, பொதுவா கொஞ்சம் குறையும். இந்த வித்தியாசத்தை மிகை மோலார் கனஅளவுன்னு சொல்வோம், அடர்த்தியைத் துல்லியமா அளந்து கணக்குப் போடுவாங்க. மைனஸா வந்தா கலவை சுருங்கியிருக்கு, பிளஸா வந்தா விரிஞ்சிருக்கு. மெத்தனால், டிஎம்எஸ்ஓ, அசிட்டோநைட்ரைல் இவங்களோட கலந்தா பெரும்பாலும் மைனஸ்தான். இங்க நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புறேன், மைனஸ் வந்ததும் "வலுவான ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கு"ன்னு உடனே எழுதிடுறது ரொம்ப பேருக்குப் பழக்கமா இருக்கு, அது சரியில்ல. பிமிம் டெட்ராஃப்ளூரோபோரேட் ஒரு மோல் சுமார் 188 மில்லி இடம் பிடிக்கும், அசிட்டோநைட்ரைல் ஒரு மோல் சுமார் 53 மில்லி. பெரிய கல்லுக்கு நடுவுல மணல் இறங்குற மாதிரி சின்னது பெருசோட இடுக்குல இறங்கினாலே கலவை சுருங்கும், அதுக்குப் புதுப் பிணைப்பு எதுவும் தேவையில்ல. கனஅளவு, பாகுத்தன்மை, ஒலிவேகம் இதெல்லாம் கூட்டத்தோட சராசரியைச் சொல்லும், யாரு யாரோட கை கோத்திருக்காங்கன்னு பேரு சொல்லாது. பேரு தெரியணும்னா ஸ்பெக்ட்ரம் எடுக்கணும்.

என்எம்ஆர்ங்கிறது காந்தப்புலத்துல வச்சு ஒவ்வொரு அணுவும் எந்தச் சூழல்ல இருக்குன்னு பார்க்கிற ஒரு ஸ்பெக்ட்ரம் முறை, அதுல அந்த சி-2 ஹைட்ரஜன் தனியா ஒரு இடத்துல நிக்கும், பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பார்த்து இடம் மாறும். பிமிம் குளோரைடைக் குளோரோஃபார்ம்ல கரைச்சா அது சுமார் 10 பிபிஎம்முக்கும் (என்எம்ஆர்ல இடத்தைக் குறிக்கிற அலகு) மேல போய் நிக்கும், அதே உப்பை டிஎம்எஸ்ஓவுல கரைச்சா 9 பக்கமா இறங்கிடும். குளோரோஃபார்முக்கு அயனிகளைப் பிரிக்கிற தெம்பு இல்ல, அதனால குளோரைடு அந்த ஹைட்ரஜனை விடாம ஒட்டிக்கிட்டே இருக்கு. டிஎம்எஸ்ஓ நடுவுல வந்து குளோரைடை விலக்கிவிட்டுத் தன் ஆக்சிஜனை அங்க கொண்டு வந்து வைக்குது, குளோரைடு அளவுக்கு இழுக்கிற பலம் அதுக்கு இல்ல, அதனால எண் இறங்குது. இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரத்துல ஒரு சென்டிமீட்டருக்கு 3000 அலைக்கும் 3200 அலைக்கும் நடுவுல வர்ற வளையத்தோட சி-ஹெச் அதிர்வுகளை வச்சும் இதே மாதிரி படிக்கலாம், ஆனா அங்க பட்டைகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கும், பிரிச்சுப் பார்க்கப் பொறுமை வேணும்.

அளவீடு பண்ணப் போறவங்களுக்கு இடையில ஒரு வார்த்தை. அயனித் திரவம் காத்துலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். தண்ணியோட மூலக்கூறு எடை 18 தான், மேல போட்ட மோல் பின்னக் கணக்கை இதுக்குப் போட்டுப் பாருங்க, 1 சதவீதம் தண்ணி இருந்தாலே பிமிம் டெட்ராஃப்ளூரோபோரேட்ல எட்டு அயனி ஜோடிக்கு ஒரு தண்ணி மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். அப்புறம் நீங்க அளந்தது அசிட்டோநைட்ரைலோட விளைவா தண்ணியோட விளைவான்னு சொல்ல முடியாது. வேக்குவம்ல நல்லா காய வச்சு, கார்ல் ஃபிஷர் முறையில ஈரத்தை அளந்து, அந்த எண்ணை ரிசல்ட்டோட சேர்த்து எழுதுங்க. எழுதாத பேப்பரைப் படிக்கிறப்ப எனக்கு நம்பிக்கை பாதியாகிடும்.

யாரு யாரைப் பிடிக்கிறாங்கங்கிற இந்த இழுபறி எவ்வளவு தூரம் போகும்னு செல்லுலோஸை வச்சுச் சொல்றேன். செல்லுலோஸ் சங்கிலிகள் ஓ-ஹெச் வழியா ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா பின்னிக்கிட்டு இருக்கும், சாதாரணக் கரைப்பான் எதுவும் அதைக் கரைக்காது. 2002ல ராபின் ராஜர்ஸ் குழு பிமிம் குளோரைடுல அது கரையும்னு காட்டினாங்க, அங்க குளோரைடு போய் செல்லுலோஸோட ஓ-ஹெச் ஹைட்ரஜன்களைப் பிடிச்சுக்குது, சங்கிலிகள் ஒண்ணை ஒண்ணு விட்டுடுது. குளோரைடுக்குப் பதிலா அசிட்டேட் எதிரயனி வச்ச இமிடசோலியம் உப்புகளும் இதே வேலையைச் செய்யும். ஆனா ரெண்டுமே கெட்டி, செல்லுலோஸ் கரைஞ்சா இன்னும் கெட்டியாகிக் கலக்கவே முடியாத நிலைக்கு வந்துடும். தளர்த்தணும்னா கரைப்பான் சேர்க்கணும், எதைச் சேர்க்கிறது?

டிஎம்எஸ்ஓ சேர்த்தா பாகுத்தன்மை இறங்கும், செல்லுலோஸும் கரைஞ்சபடியே இருக்கும். டிஎம்எஸ்ஓவுக்கு எதிரயனிகிட்ட கொடுக்க ஹைட்ரஜன் இல்லன்னு மேல பார்த்தோம் இல்லையா, அதனால அது நேரயனியை மட்டும் தன் பக்கம் இழுத்து வச்சுக்கும், எதிரயனி ஃப்ரீயா இருந்து செல்லுலோஸைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த இடத்துல தண்ணியையோ மெத்தனாலையோ ஊத்திப் பாருங்க, அவங்க ஓ-ஹெச் கொண்டு வந்து எதிரயனியைத் தங்களோட இழுத்துக்குவாங்க, எதிரயனி கைவிட்டதும் செல்லுலோஸ் சங்கிலிகள் பழையபடி ஒண்ணை ஒண்ணு தேடிப் பிடிச்சுக்கும், வெள்ளையா வீழ்படிவு இறங்கும். கரைச்ச செல்லுலோஸை நூலாகவோ படலமாகவோ திரும்ப எடுக்கிறதும் இப்படித்தான், கரைசலைத் தண்ணித் தொட்டிக்குள்ள மெல்லிசா இழுத்து விடுவாங்க, தண்ணி பட்ட மாத்திரத்துல எதிரயனி கை மாறிடும், இழை அங்கேயே இறுகி நின்னுடும்.